பலகைக்குள் ஒரு பெட்டி

ஒரு திங்கட்கிழமை காலை ஏழாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் நின்றது. பலகைக்குள்ளேயே இருக்கும் ஆண்ட்ராய்டு வேலை செய்தது. பாடங்களைச் சேமித்து வைத்திருந்த விண்டோஸ் பக்கம்தான் வரவில்லை. 75 அங்குலப் பலகையே போய்விட்டதோ என்று எனக்குப் பதறியது.

சர்வீஸுக்கு வந்த தம்பி மின்சாரத்தை அணைத்தார். ஓரத்திலிருந்த இரண்டு திருகுகளைக் கழற்றி, மேசை இழுப்பறையை உருவுவதுபோல ஒரு தட்டையான உலோகப் பெட்டியை வெளியே எடுத்தார்.

"இதுதான் டீச்சர் கம்ப்யூட்டர். ஓ.பி.எஸ்.னு சொல்லுவோம். போர்டு நல்லாத்தான் இருக்கு."

வேறொரு கம்பெனிப் பெட்டியைச் செருகினார். பலகை உயிர் பெற்றது. ஒருவர் செய்த பலகைக்கு இன்னொருவர் செய்த பெட்டி எப்படிப் பொருந்துகிறது? அன்று இரவே தேட ஆரம்பித்தேன்.

இந்தப் பெட்டி வகுப்பறைக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது என்றுதான் நம்பியிருந்தேன். தேடிப் போனால், அது பிறந்தது விளம்பரத் திரைகளுக்காக. கடைகளிலும் நிலையங்களிலும் தொங்கும் திரைகளுக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று இன்டெல் 2010இல் இந்த ஓ.பி.எஸ். விதியை அறிவித்தது. என்.இ.சி.யும் மைக்ரோசாஃப்டும் கூட நின்றன. கணினி பழுதானால் சுவரிலிருந்து திரையைக் கழற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம். திரை பல வருடம் உழைக்கும். கணினி சீக்கிரம் பழசாகிவிடும். இரண்டையும் பிரித்து வைத்தவர்களை மனசாரப் பாராட்டுகிறேன்.

பழுதான பெட்டியைக் கேட்டு வாங்கி ஸ்கேல் வைத்து அளந்தேன். 180 மி.மீ. நீளம், 119 மி.மீ. அகலம், 30 மி.மீ. தடிமன். விதியில் சொன்ன அளவேதான். பின்புறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கனெக்டர், அதில் 80 பின்கள். ஜப்பானின் ஜே.ஏ.இ. நிறுவனம் வடிவமைத்த கனெக்டர் அது. 12 முதல் 19 வோல்ட் வரையிலான மின்சாரம் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. படமும் ஒலியும் அதே வழியில் திரைக்குப் போகின்றன. ஒரு பிள்ளை திரையில் விரல் வைத்தால் அந்தத் தொடுகை யு.எஸ்.பி. பின்கள் வழியே கணினிக்கு வந்து சேர்கிறது. வெளியில் ஒரு ஒயர்கூடத் தொங்கவில்லை. எந்தப் பின்னில் எது போக வேண்டும் என்று போட்டிக் கம்பெனிகளும் ஒத்துக்கொண்டதால்தான் எங்கள் பலகை பிழைத்தது. உள்ளே எவ்வளவு வேகமான சிப் இருந்தாலும் எனக்கு இந்த உடன்பாடுதான் பெரிது.

மூடியையும் திறந்து பார்த்தேன். மடிக்கணினியில் இருக்கும் அதே மாதிரி ரேம், பக்கத்தில் ஒரு சிறு எஸ்.எஸ்.டி., அப்புறம் ஒரு குட்டி விசிறி. அதன் இதழ்களில் வெள்ளையாக அப்பியிருந்தது சாக்பீஸ் தூள். ஸ்மார்ட் போர்டுக்குப் பக்கத்திலேயே எங்கள் கரும்பலகை இருக்கிறது. இன்றும் அதில் எழுதுகிறோம்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பலகையை அணைத்தபின், பெட்டியின் காற்றுத் துளைகளைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறோம். அந்த வேலைக்கு ஏழாம் வகுப்பில் முறை போட்டிருக்கிறது.