அம்மாவின் மூங்கில்

டத்தோ கிராமாட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம் துணி காயப்போட நான்கைந்து மூங்கில் கழிகள் கிடக்கும். 1982-ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அவற்றில் நீளமான ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் ஓடிய பெரிய கால்வாயைத் தாண்டினேன்.

எல்லாம் அண்ணனால் வந்த ஆசை. பள்ளி விளையாட்டுப் போட்டிக்காக அவனும் நண்பர்களும் திடலில் கோலூன்றித் தாண்டுதல் பழகுவார்கள். அப்போது மெத்தை எல்லாம் கிடையாது, கொத்திவிட்ட மணல்தான். ஓடி வந்து கோலை ஊன்றி, கால்களை மேலே வீசி, ஒரு கணம் தலைகீழாக நின்று, குறுக்குக் கம்பைத் தாண்டி அண்ணன் மணலில் விழுவான். எனக்கும் அந்த ஒரு கணம் வேண்டும் போல் இருந்தது. பயிற்சி கொடுத்தவரிடம் போய்க் கேட்டேன். "பொம்பளப் பிள்ளைங்களுக்கு இந்தப் போட்டியே கிடையாதும்மா" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆண்கள் 1896-இல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே கோலூன்றித் தாண்டினார்கள். பெண்களுக்கு அந்த வாசல் திறந்தது 2000-இல், சிட்னியில். இடையில் 104 ஆண்டுகள்!

போட்டி இல்லாவிட்டால் என்ன, கால்வாய் இருக்கிறதே? இரண்டு முறை தாண்டிவிட்டேன். மூன்றாவது முறை ஓடி வரும்போது அம்மா பார்த்துவிட்டார். கையில் கிடைத்ததால் நாலு போட்டார். "எக்குத்தப்பா விழுந்து கைகால் ஒடிஞ்சா நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?" என்றார். அடி அன்றைக்கே ஆறிவிட்டது. அந்தக் கேள்வி ஆறவில்லை.

1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது எனக்குக் கல்யாணமாகி மடியில் குழந்தை. பெண்களுக்கான கோலூன்றித் தாண்டுதல் காமன்வெல்த்தில் முதன்முதலாக இடம்பெற்றது அந்த ஆண்டுதான். அதுவும் நம் மண்ணில். ஆஸ்திரேலியாவின் எம்மா ஜார்ஜ் 4.20 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏனென்று தெரியாமல் கண்ணில் நீர் வந்தது.

பிறகு அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சிறுவயதில் சிறுவர் சர்க்கஸ் ஒன்றில் ஊஞ்சல் ஆடியவர். அந்தரத்தில் தலைகீழாகப் போவது அவருக்குப் பழக்கமான விஷயம். 1995 நவம்பரில் 4.25 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார். அதன் பின் தம் சாதனையைத் தாமே திரும்பத் திரும்ப முறியடித்து, 1999 பிப்ரவரியில் 4.60 மீட்டரைத் தொட்டார். பெண்களின் கைகளுக்கு இதற்கான வலு இல்லை என்று பேசியவர்களுக்கு அதைவிட என்ன பதில் வேண்டும்?

உண்மையில் இது கைவலுவை மட்டும் நம்பிய விளையாட்டு இல்லை. ஓடி வரும் வேகத்தைக் கோல் வாங்கிக்கொள்கிறது, வளைகிறது, நிமிரும்போது அந்த வேகத்தை உயரமாகத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த நேரத்தில் உடம்பைத் தலைகீழாக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 5.06 மீட்டர் தாண்டிய ரஷ்யாவின் இசின்பயேவாவும் முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவரே.

ஆனால் வாசலைத் தள்ளித் திறந்தவருக்கே விருந்து கிடைப்பதில்லை. சிட்னி ஒலிம்பிக்கில், சொந்த நாட்டு மக்கள் முன்னால், எம்மா ஜார்ஜ் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. தங்கம் அமெரிக்காவின் ஸ்டேசி டிராகிலாவுக்குப் போனது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாசல் என்னவோ திறந்தே கிடந்தது. நம் நாட்டின் ரோஸ்லிண்டா சம்சு 4.40 மீட்டர் வரை போனார். சீ போட்டிகளில் பலமுறை தங்கம் வென்றார். யாழ்ப்பாணத்தின் அனித்தா ஜெகதீஸ்வரன் இலங்கைச் சாதனையைத் தம் பெயரில் எழுதினார். சென்னைப் பெண் வி.எஸ். சுரேகா 2014-இல் புதுடில்லியில் 4.15 மீட்டர் தாண்டி இந்தியச் சாதனை படைத்தார். பதின்மூன்றரை அடிக்கும் மேல். நம் வீட்டுக் கூரையை நினைத்துப் பாருங்கள்.

சுரேகாவைப் பற்றிய செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்போது அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. கண் மங்கியிருந்தது, காது மட்டும் கூர்மை.

"தமிழ்ப் புள்ளையா?" என்றார்.

"ஆமாம்மா. சென்னை."

"அவங்க அம்மா ஒண்ணும் சொல்லலையாமா?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்கதான் என்னை அடிச்சீங்க" என்றேன். முப்பத்திரண்டு வருடம் கழித்து.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த மூங்கில்ல விரிசல் இருந்துச்சுடி. உங்க அப்பாகிட்ட மாத்தச் சொல்லிக்கிட்டே இருந்தேன். நீ தொங்கிட்டு வர்றப்ப அது ஒடிஞ்சிருந்தா வயித்துல குத்தியிருக்கும். பார்த்ததும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

அப்படியானால் ஏன் விரிசலைப் பற்றிச் சொல்லாமல் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார்? கேட்கவில்லை. அந்தக் காலத்து அம்மாக்களுக்குப் பயத்தைச் சொல்ல வேறு வார்த்தை தெரிந்திருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

சுரேகாவின் சாதனை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நின்றது. 2022-இல் காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் அதை முறியடித்தவரும் தமிழ்நாட்டுப் பெண்தான்: ரோசி மீனா பால்ராஜ். தாண்டிய உயரம் 4.20 மீட்டர். கோலாலம்பூரில் எம்மா ஜார்ஜ் தங்கம் வாங்கிய அதே உயரம். அதைச் சொல்லி மகிழ அப்போது அம்மா இல்லை.

இப்போது என் பேத்திக்கு எட்டு வயது. மாலையில் விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போனால் இரும்புக் கம்பியில் கால்களை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறாள். என் ஈரக்குலையும் நடுங்கத்தான் செய்கிறது. கிட்டே போய்க் கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறேன், உறுதியாக இருக்கிறதா என்று. பிறகு, "பார்த்து ஆடு கண்ணு" என்கிறேன். இறங்கு என்று மட்டும் சொல்வதில்லை.