அடுப்படியையும் விசாரித்த இதய மருத்துவர்

மிட்ரல் வால்வு சுருங்கிய இதயத்தின் முணுமுணுப்பு, நோயாளி மல்லாந்து படுத்திருந்தால் பெரும்பாலும் பிடிபடாது. இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் சிறிய முனையை அழுத்தாமல் இதய நுனிமேல் வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். அப்போது தூரத்து இடிபோலத் தாழ்ந்த ஓர் ஒலி கேட்கும். மின்விசிறி ஓடினால் அதுவும் போச்சு. எக்கோ இயந்திரம் வருமுன் இதய மருத்துவரின் தொழில் இந்தக் காதை நம்பித்தான் நடந்தது.

டாக்டர் எஸ். பத்மாவதி அந்தத் தலைமுறைக்காரர். 1917இல் பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்தவர். ஜப்பானியர் வந்ததும், 1942இல் தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூருக்குத் தப்பிவந்தார். வீட்டு ஆண்கள் பர்மாவிலேயே தங்க நேர்ந்தது. போர் முடிந்தபிறகே குடும்பம் ஒன்றுசேர்ந்தது. அதே போர்க்காலத்தில்தான் மலாயாவின் நெகிரி செம்பிலானிலும் மற்ற மாநிலங்களிலும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் சயாம்–பர்மா மரண ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை.

1949இல் லண்டன் சென்ற பத்மாவதி, பிறகு ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் பயின்றார். ஹார்வர்டில் பால் டட்லி வைட் அவருக்கு ஆசிரியர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டவுசிக். டவுசிக்குக்குக் காது மந்தம். குழந்தைகளின் மார்பில் கைவைத்தே முணுமுணுப்பின் அதிர்வை அறிவாராம். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஓர் இதய மருத்துவருக்கு வாய்க்குமா!

1953இல் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர்ந்து, மறுவருடமே இதயப் பிரிவு தொடங்கினார். அது பெண்களுக்கான ஆஸ்பத்திரி. வாத சுரத்தால் வால்வு கெட்ட இளம்பெண்கள், கர்ப்பத்தில் ரத்த அளவு கூடக்கூட மூச்சுத் திணறி வருவார்கள்.

அவர் செய்ததில் ஆகச் சிறந்தது எது என்றால், விருதுகளை விட்டுவிட்டு 1959இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்த ஓர் ஆய்வைத்தான் சொல்ல வேண்டும். நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிப்போன 127 நோயாளிகளைப் பற்றியது அது. அவர்களில் பெண்களும் கணிசம். புகைபிடிக்காத பெண்ணுக்கு எப்படி இந்த நோய்? விறகும் சாணவறட்டியும் எரியும் அடுப்படியின்மேல் சந்தேகம் விழுந்தது. மார்பில் காது வைத்த மருத்துவர், “எதில் சமைக்கிறாய்?” என்றும் விசாரித்தால்தான் இந்த நோய் புரியும்.

இந்தக் கேள்வி நெகிரி செம்பிலானின் லிங்கி, சிலியாவ், பஹாவ் வட்டார ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் புதிதல்ல. லயத்து அடுப்பில் எரிந்தது ரப்பர் விறகு. ஒரே அறையில் நெருக்கியடித்துத் தூங்கும் பிள்ளைகளில் ஒன்றுக்குத் தொண்டை வலி வந்தால் மற்றதுக்கும் தொற்றும். அதைக் கவனிக்காமல் விட்டால், சில வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு வாத சுரம் வந்து மூட்டு வீங்கும். மூட்டு ஆறிவிடும், வால்வு ஆறாது. அங்கே முதலில் பார்த்தவர் தோட்டத்து மருந்தகத்தின் டிரஸர்தான். வாத சுரம் திரும்பாமலிருக்க, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். வலிக்கிற ஊசி. நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். ஊசிநாளன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை. இதய மருத்துவத்தில் பாதி, இந்தப் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதுதான்.

1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தொடங்கிய பத்மாவதி, 1981இல் டெல்லியில் தேசிய இதய நிலையத்தையும் அமைத்தார். 1967இல் பத்மபூஷண், 1992இல் பத்மவிபூஷண். தொண்ணூறு கடந்தும் நோயாளிகளைப் பார்த்தார். 2020 ஆகஸ்ட் 29 அன்று, 103 வயதில், கொரோனாவால் காலமானார்.

தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது; விறகடுப்பின் இடத்தில் கேஸ். சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தவர்களுக்கு இப்போது இனிப்புநீரும் ரத்தக்கொதிப்பும் மாரடைப்பும். ஆனால் அந்த லயங்களில் வளர்ந்த அக்காக்களும் அத்தைகளும் இன்னும் இருக்கிறார்கள். படியேறும்போது அவர்களுக்கு மூச்சு வாங்கினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போய், சின்ன வயதில் மூட்டு வீங்கியதையும் விறகடுப்பில் சமைத்த வருடங்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.