பீரோ கண்ணாடி

இங்கே மான்செஸ்டரில், டிசம்பர் மாதம் குழாயைத் திறந்தால் விரல் விறைத்துப்போகும். பிலிம் கழுவ 20 டிகிரி வேண்டும். தண்ணீரைச் சுடவைத்துக் கலந்துகொண்டு நிற்கிறேன். மதுரையில் இது தலைகீழ். மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிக் கிடக்கும். சித்தப்பா கையில் தூக்குவாளியைக் கொடுத்து ஐஸ் கடைக்கு விரட்டுவார். மரத்தூள் அப்பிய ஐஸ் கட்டி வீடு வந்துசேர்வதற்குள் பாதி தெருவில் சொட்டியிருக்கும். மீதியைக் குண்டானில் போட்டு, நடுவில் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோலத் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது என்னை யாரும் தெருவுக்கு விரட்டுவதில்லை.

அது 1986. எங்களுக்கு வாய்த்த பிலிம் ஊட்டியில் செய்த இந்து. 120 ரோல், ஆக்பா கிளிக் த்ரீயில் போட்டால் பன்னிரண்டே படம். ஒரு படத்துக்கு சித்தப்பா யோசிக்கிற நேரத்தில் பாட்டி உட்கார்ந்தபடியே ஒரு தூக்கம் போட்டுவிடுவாள். டெவலப்பரைக் கடையில் டப்பாவாக வாங்கியதில்லை. டி-76 கணக்கு அவருக்கு மனப்பாடம்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. இரண்டு கிராமை நிறுக்க அடுத்த தெரு ஆசாரியின் தராசுதான் கதி. தங்கம் நிறுக்கிற தட்டில் காகிதத்தை விரித்து, முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துத் தருவார்.

ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு, அடுப்பு மேடையைக் கழுவிவிட்ட பிறகு அடுக்களை எங்களுடையது. ஜன்னலுக்குக் கம்பளி. சாமி மாடத்தில் எரிந்த சிவப்பு ஜீரோ வாட் பல்பு அன்றைக்கு மட்டும் அரிசி டின்னுக்கு மேல் இடம் மாறும். காகிதத்தில் உருவம் கிளம்பி வரும் அதிசயத்தை எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குத் திரும்ப வேண்டியிருப்பது அதற்கு முந்தைய நேரம். என்லார்ஜர் விளக்கு எரிய, பாக்கு அடக்கிய வாயோடு சித்தப்பா எண்ணுவார். “ஒண்ணு... ரெண்டு... மூணு...” பாட்டி முகம் கருத்துவிடாமல் இருக்க, ஏழிலிருந்து பதினொன்று வரை வெளிச்சத்துக்குக் குறுக்கே விரலை ஆட்டிக்கொண்டே, அவசரமே இல்லாமல், உலகத்தில் வேறு வேலையே கிடையாது என்பதுபோல அவர் எண்ணிய அந்த எண்கள்... என் மேசையில் டைமர் இருக்கிறது. பத்தில் ஒரு வினாடிகூடப் பிசகாது. வாயும் திறக்காது.

சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே அம்மா நிற்பாள்.

“தம்பி, பாலுக்கு உறை ஊத்தணும். கதவத் தொறக்கலாமா?”

“இருங்க மதினி, ஹைப்போவுல போட்டுர்றேன்.”

ஹைப்போ வாடை சட்டைக் கையில் ஒருமுறையாவது ஏறியிருந்தால், இந்த இடத்தில் உங்கள் மூக்கும் என்னோடு சேர்ந்து தேடும். அந்த வாடையோடு உறைமோர்ப் புளிப்பும் கலந்தது எங்கள் வீட்டு வாடை. ஹைப்போ இன்றும் ஒரு பாட்டிலில் கிடைக்கிறது.

படங்களை வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றி அலசுவோம். பிறகு பீரோ கண்ணாடியில் முகப்பவுடர் தேய்த்துத் துடைத்து, ஈரப் படங்களை முகம் கண்ணாடியில் பதிய ஒட்டி உருட்டுவோம். பளபளப்புக்கு அதுதான் வழி. காய்ந்த படம் தானே பெயர்ந்து விழும். விளக்கணைத்துப் படுத்த பின், இருட்டில் ‘டிக்’. அப்புறம் தரையில் ஒரு சரசரப்பு. கட்டிலிலிருந்து சித்தப்பா கேட்பார்: “யாருடா விழுந்தது?”

“பாட்டி.”

“இல்ல. கோயில் யானை.”

காலையில் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான். ஓரத்தில் ஒட்டியது முதலில் காயும் என்ற சூட்சுமத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார்.

சித்தப்பா போய்ப் பதினோரு வருடம். வீட்டை விற்றபோது பீரோ அத்தை வீட்டுக்குப் போயிற்று. கண்ணாடி வழியிலேயே உடைந்ததாம். 1967இல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி ஆலையும் மூடியாயிற்று. வேடிக்கை பாருங்கள், இல்ஃபோர்ட் காகிதம் இன்னும் தயாராகும் மாப்பர்லி என் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வழக்கமாக வாங்குவது பிளாஸ்டிக் பூசிய காகிதம். அலசி, கொடியில் மாட்டினால் குளித்து வருவதற்குள் காய்ந்துவிடும். சத்தமில்லை.

பழைய மாதிரிக் காகிதமும் செய்கிறார்கள். போன மாதம் ஒரு பெட்டி வாங்கினேன். பெரிய கண்ணாடித் துண்டு, பவுடர், எல்லாம் முறைப்படி. முதல் படம் பாதி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, ஊறவைத்துச் சுரண்டினேன். மறுநாள் இன்னொன்று ஒட்டிவிட்டுப் படுத்தேன். ஹீட்டர் ஓய்ந்து வெகுநேரம் ஆன பிறகு, முன்னறையில் ‘டிக்’.

விழித்தபடி கிடந்தேன். கண்ணாடியில் ஒட்டியிருந்தது ஒரே ஒரு படம்தான்.