உள்ளத்தை உந்துவது எது?

மனிதனை இயக்கும் அடிப்படை விசை யாது என்னும் வினாவிற்கு ஒற்றைச் சொல்லில் விடை பகர்ந்தோர் பலர். அச்சமே என்றனர் சிலர். இன்ப வேட்கையே என்றனர் சிலர். பாலுணர்வை முன்னிறுத்தினார் பிராய்டு. அவருடன் முரண்பட்டு 1911-இல் பிரிந்து சென்ற ஆட்லர், பிறரினும் மேம்பட்டு நிற்கும் வேட்கையை முன்னிறுத்தினார். கோட்பாடு வகுப்போர்க்கு ஒற்றைச் சொல் வசதியானது. ஆயின் ஒரு மாலைப்பொழுது கடைத்தெருவில் நின்று மாந்தரை நோக்கினால் போதும். அச்சொல் எதுவாயினும் பற்றாது என்பது விளங்கிவிடும்.

இவ்வினாவைப் பிறர்மேல் வைத்து ஆராய்ந்தோரே மிகுதி. தம்மேல் வைத்து ஆராய்ந்து, கிடைத்த விடைக்குரிய விலையையும் கொடுத்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1091-இல் பக்தாத் நகரின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் அவர் தலைமைப் பேராசிரியராக அமர்ந்தபோது வயது 33. எதிரே 300 மாணவர், அரசவையில் செல்வாக்கு. 1095-இல் ஒருநாள், தாம் கற்பிப்பது எதன் பொருட்டு எனத் தம்மையே வினவினார். இறைவனுக்காக மட்டும் அன்று, பதவியும் பரந்த புகழுமே தம்மை உந்துகின்றன எனக் கண்டார். கண்டபின்னும் உடனே விட முடியவில்லை. ஏறத்தாழ ஆறு திங்கள் உள்ளத்துள் இழுபறி. ஈற்றில் வகுப்பில் நா எழவில்லை. உணவு தொண்டையில் இறங்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் உள்ளது என மருத்துவர் கைவிரித்தனர். குடும்பத்திற்குப் போதியதை ஒதுக்கி, எஞ்சிய செல்வத்தை வழங்கிவிட்டு அவர் நகரை நீங்கினார். இவையனைத்தும் அவரே தம் வரலாற்றில் எழுதிவைத்தவை. ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு இப்பகுதியைப் படிக்குந்தோறும் நெஞ்சு சற்றுத் துணுக்குறுகிறது. பொன்னாடையும் மாலையும் மலிந்த துறையன்றோ நம்முடையது!

தம்மை இத்துணைக் கடுமையாகச் சோதித்தவர், இஹ்யா உலூமித்தீன் நூலில் பிறரைப் பற்றி எழுதுகையில் வியக்கத்தக்க நிதானம் காட்டுகிறார். நோன்பு நோற்பவன், உணவைக் குறைப்பதால் வரும் உடல்நலத்தையும் விரும்பலாம். ஹஜ்ஜுக்குச் செல்பவனுக்குப் பயணத்தால் உடல் தேறும் என்னும் எண்ணமும் இருக்கலாம். இரவுத் தொழுகைக்கு எழுபவன், கண்விழித்துத் தன் பொருளைக் காக்கவும் கருதலாம். நிய்யத் பெரும்பாலும் கலந்தே வருவது என்பதை அவர் அறிவார். ஆகவே, எந்நோக்கம் எடை மிகுந்து நிற்கிறது எனத் தராசு பிடித்துப் பார்க்கச் சொல்கிறார்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், நம் மாணவர்கள் உண்டியல் ஏந்திக் கடைவீதி சென்றனர். நாமும் உடன் சென்றோம். வணிகர் ஒருவர் பத்து மூட்டை அரிசி தந்து, நாளேட்டில் பெயர் வருமா என வினவினார். மற்றொருவர் ஓர் உறையை நீட்டி, ரசீதில் ‘ஓர் அடியான்’ என்று மட்டும் எழுதுமாறு கூறினார். திரும்பும் வழியில் மாணவர் ஒருவர், “ஐயா, பெயர் வேண்டாம் என்பதிலும் ஒரு பெருமை இருக்குமல்லவா?” என்றார்.

கூர்மையான கேள்விதான். இருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலார் ஹாப்ஸ், முதியவர் ஒருவருக்குக் காசு ஈந்தபின், அவர் துயர் கண்டு தமக்கு உண்டான வருத்தம் தணியவே கொடுத்ததாகக் கூறினார் என்பர். எல்லா ஈகைக்கும் இதுவே காரணமாயின், துயரைக் காணாது ஒதுங்கிச் செல்வதன்றோ மலிவான மருந்து! 1981-இல் பேட்சன் முதலிய அமெரிக்க உளநூலார் இதைச் சோதித்தனர். மின்னதிர்ச்சி பெறுவதாக நடித்த பெண்ணொருத்தியைச் சிலர் பார்த்திருந்தனர். விரும்பினால் அவர்கள் எழுந்து போய்விடலாம். அவள்பால் பரிவு கொண்டவர்களில் பெரும்பாலோர் போகவில்லை. அவ்வதிர்ச்சியை அவளுக்குப் பதிலாகத் தாம் ஏற்க முன்வந்தனர். ஆய்வுக்கூடத்துச் சான்று வாழ்க்கை முழுமைக்கும் போதாதுதான். ஆயினும் தன்னலமே அனைத்தும் என்பார் வாயை அது சற்று அடைக்கும்.

நம் புறநானூறு இன்னொரு வழி காட்டுகிறது. வள்ளல் ஆய், மறுமைப் பயன் கருதி அறத்தை விலைபேசும் வாணிகன் அல்லன் என்கிறார் முடமோசியார். பின் எதற்காகக் கொடுத்தான்? அது சான்றோர் சென்ற வழி, ஆதலின் கொடுத்தான். அச்சமும் அன்று, ஆதாயமும் அன்று. நல்லோர் நடந்த தடத்தில் தானும் கால்வைக்கும் விருப்பம். இதனை உளநூலார் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாக நமக்குத் தோன்றவில்லை. மறுமைக் கூலியை நம்பும் நமக்குப் புலவர் கூற்றின் முற்பகுதி முழுதும் உடன்பாடன்று. பிற்பகுதியோ மிக நெருக்கமானது. ஸுன்னத் என்னும் சொல்லுக்கும் நடந்து பழகிய வழி என்பதே பொருள்.

முகத்துதிக்கு அஞ்சி நற்செயலையே கைவிடுவதும் ஷைத்தானின் சூழ்ச்சி என இமாம் எழுதியிருப்பதை அம்மாணவர்க்கு எடுத்துரைத்தோம். அவ்விமாமும் 1106-இல் நைஸாப்பூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார். வெளியே நின்று காண்போர்க்கு அன்றும் பின்னும் ஒரே தொழில்தான். ஆயின் முன்னர்ப் பதவியை ஈட்டித் தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்விக்கு அழைப்பதாகவும் அவர் வேறுபாடு காட்டுகிறார். அந்நோக்கம் ஈடேறுமா, இடையில் அறுபடுமா என்பது தமக்குத் தெரியாது என்பதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்.