தடையுத்தரவும் சட்டத்தின் மதிப்பும்

மக்கள் தம்முட் பேசிக்கொள்ளும் சாதனமொன்றைத் தடைசெய்வது அரசுக்கு எளிய காரியம்போலத் தோன்றலாம். ஆயினும் அத்தடை முதலில் நீதிமன்றத்தின் முன் நிற்கவேண்டும். அங்கு வென்றபின் மக்கள் முன்னும் நிற்கவேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் டிக்டொக் செயலி தொடர்பாக நிகழ்ந்தவை இவ்விரு சோதனைகளின் கடுமையையும் நன்கு உணர்த்துவன.

சீனாவின் பைட்டான்ஸ் நிறுவனத்துக்கு உரித்தான அச்செயலியின் வழியே அமெரிக்கரின் அந்தரங்கத் தரவுகள் சீன அரசைச் சென்றடையக்கூடும் என்ற அச்சமே தடைக்குக் கூறப்பட்ட முதற் காரணமாகும். 2020 ஓகஸ்டில் சனாதிபதி ட்ரம்ப் அவசரகாலப் பொருளாதார அதிகாரங்களின்கீழ் தடையுத்தரவு பிறப்பித்தார். தனிப்பட்டோரின் செய்தித் தொடர்பிலும் தகவற் பரிமாற்றத்திலும் தலையிட அவ்வதிகாரம் இடந்தரவில்லை எனக் கண்ட நீதிமன்றங்கள் அதனை இடைநிறுத்தின. 2023இல் மொன்டானா மாநிலம் இயற்றிய சட்டமும், பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணாகலாம் என்ற காரணத்தால், நடைமுறைக்கு வருமுன்பே தடுக்கப்பட்டது.

எனவே, 2024 ஏப்பிரலில் நிறைவேறிய புதிய சட்டம் பேச்சை விடுத்து உடைமையைப் பற்றிநின்றது. 270 நாள்களுக்குள் பைட்டான்ஸ் தன் பிடியைக் கைவிடவேண்டும். தவறின், செயலியை விநியோகிக்கும் நிறுவனங்கள் பயனர் ஒருவருக்கு 5,000 டொலர் வரை தண்டம் இறுக்கவேண்டும். 2025 சனவரி 17ஆந் திகதி உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லுமென ஒருமனதாகத் தீர்த்தது.

நீதிமன்றில் வென்ற தடை நாட்டில் நிலைக்கவில்லை. ஏறக்குறைய 17 கோடி அமெரிக்கர் பயன்படுத்திய செயலி அது. சட்டத்திற் கையொப்பமிட்ட பைடனின் பிரசாரக் குழுவே அதில் ஆதரவு திரட்டியது. முன்பு தடைவிதித்த ட்ரம்ப்பும் 2024 தேர்தலின்போது அதனை நாடினார். சனவரி 18 இரவு நின்ற செயலி மறுநாளே மீண்டது. 20ஆந் திகதி மீண்டும் பதவியேற்ற ட்ரம்ப், 75 நாள்களுக்குச் சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டாமெனப் பணித்தார். அத்தவணையைப் பலமுறை நீடித்தார். சட்டம் அனுமதித்ததோ, நிபந்தனைக்குட்பட்ட ஒரேயொரு 90 நாள் நீடிப்பு மாத்திரமே. அப்பிள், கூகுள் முதலிய நிறுவனங்களுக்குத் தண்டம் அறவிடப்படாதெனச் சட்டமா அதிபர் கடிதம் எழுதினார். 2026 சனவரியிற் கூட்டு நிறுவனமொன்று அமைந்து பைட்டான்ஸின் பங்கு 20 வீதத்துக்குக் குறையும்வரை, ஓராண்டுக் காலம் அச்சட்டம் ஏட்டில் மட்டுமே இருந்தது.

செல்லாத தடையால் அரசுக்கு நேர்வது வழக்கில் தோல்வி, அது திருத்தக்கூடியது. செல்லுபடியாகும் சட்டத்தை ஆள்வோரே கைவிடுவதால் நேரும் கேடு அதனினும் பெரிது. அந்நிலையில் நிறுவனங்கள் சட்டத்தை விடுத்து ஆள்பவரின் கடிதத்தை நம்பி வாழத் தொடங்கும். இன்று கடிதம் எழுதிய கை நாளை அதனை மறுக்கவும் கூடும் என்ற அச்சம், அவற்றை என்றும் அவருக்குப் பணிந்தே நிற்கச் செய்யும். தரவுகளைக் காப்பதே நோக்கமாயின், உள்நாட்டார் வெளிநாட்டார் என்ற பேதமின்றி எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டமே தக்க வழியாகும். ஒரு செயலியின் பெயர்சொல்லி இயற்றும் சட்டம் அச்செயலிக்கு விருப்பானோர் பெருகியதும் தளர்ந்துவிடும். அவ்வாறு தளர்வதைக் கண்ட மக்கள் ஏனைய சட்டங்களையும் அவ்வாறே மதிக்கத் தலைப்படுவர்.