பெரியம்மாவின் விரல் சொன்ன திருத்தம்

கட்டின வீட்டுக்குப் பழுது சொல்வார் பலர் என்பது நம் முதியோர் வழங்கும் மொழி. ஆயின், கைத்தொலைபேசித் திரையொன்றை வடிவமைப்பவனுக்குப் பழுது சொல்வாரே பெருந்துணைவர். செயற்கை நுண்ணறிவு உதவியாளன் பணிக்கு வந்துவிட்ட இக்காலத்தில் இவ்வுண்மை முன்னிலும் வலுப்பெற்றிருக்கிறது.

எமது இல்லத்துப் பெரியம்மாவுக்கு வயது 78. குருதியழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமாக நாளொன்றுக்கு மூன்று வேளை குளிசை குடிப்பவர். பார்வை மங்கல், விரலிலே சிறு நடுக்கம். அவருக்குக் குளிசை வேளையை நினைவூட்டும் செயலி ஒன்றை, பல்கலைக்கழகத்திற் பயிலும் எமது மருமகனோடு சேர்ந்து அவ்வுதவியாளன் துணைகொண்டு ஆக்கினோம். வேண்டியதைத் தமிழிலே எழுதினோம். சில நிமிடங்களில் முதல் திரை வந்தது. இளநீலப் பின்னணி, சாம்பல் நிற எழுத்து, கண்ணுக்கு இனியதுதான்.

அதனைப் பெரியம்மாவின் கையிற் கொடுத்து, வாய் திறவாது பார்த்திருந்தோம். எழுத்து அவருக்குத் தெரியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 ஆதல் வேண்டும் என்பது இணைய அணுகல் நெறி. அவ்வளவைச் சொன்னதும் உதவியாளன் நிறத்தைத் திருத்தினான். அடுத்த முறை, 'உறுதிப்படுத்துக' என்ற பொத்தானிலே பெரியம்மா தயங்கி நின்றார். "ஆரை மோனை உறுதிப்படுத்துறது?" என்றார். அச்சொல் 'குடித்துவிட்டேன்' என மாறியது.

இத்தகைய அனுபவம் புதிதன்று. 1983இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட லிசா கணினியை ஆக்கியோர், 'செய்க' எனப் பொருள்படும் 'டூ இட்' என்ற ஆங்கிலச் சொற்களைப் பொத்தானில் இட்டிருந்தனர். சோதனைக்கு வந்தவர் ஒருவர், இடைவெளியைக் காணாது, 'மூடன்' எனப் பொருள்படும் 'டோல்ட்' என வாசித்து மனம் புண்பட்டார். அதன்பின்பே அங்கு 'ஓகே' வந்தது. ஆக்கியோர் கண்ணுக்குப் புலப்படாததை அயலார் கண் காட்டியது.

மூன்றாம் முறை கண்டதே அச்சந்தருவது. 'பிறகு' என்பதைத் தொடப்போன விரல் நடுங்கி, அருகிருந்த 'குடித்துவிட்டேன்' மீது பட்டது. குடியாத குளிசை குடித்ததாகப் பதிவாயிற்று! 'நிச்சயமா?' என்று கேட்கும் பெட்டியொன்றை உதவியாளன் சேர்த்தான். பெரியம்மா அதனை வாசியாமலே தொட்டார். அடிக்கடி கேட்கப்படும் கேள்வி பழக்கமாகிவிடுகிறதன்றோ? ஆதலின் அப்பெட்டியை நீக்கி, பொத்தான்களை விலக்கி வைத்து, பதிவைத் திரும்பப் பெறும் வழியும் அமைக்கச் சொன்னோம். அதன்பின் அவர் விரல் தவறியபோதும் பதிவு தவறவில்லை.

மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. 'இன்னும் அழகாக்கு' என்று கேட்டால் நிழலும் வளைவும் கூடும், பயன் கூடாது. யார் கை, எந்த வெளிச்சம், எவ்விடத்தில் நின்றார் என்று சொன்னால் நல்ல திருத்தம் வரும். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே கேளுங்கள். முந்திய வடிவத்தைப் பேணி வையுங்கள். உதவியாளன் தந்த வடிவத்தை அவனே மெச்சுவதும் உண்டு, அதில் மயங்கவேண்டாம். சலியாது திருத்தித்தருவது அவன் ஆற்றல். எதனைத் திருத்துவது என்பதை அறிய, பயன்படுத்துவோர் அருகே பொறுமையுடன் அமர்ந்திருத்தல் வேண்டும். அப்பணி இன்னும் நம்முடையதே.