ஒற்றைக் கியருக்கு மாறும் சைக்கிள்: செஞ்சி நாட்குறிப்பு

திங்கள்

கியர் சைக்கிளில் முதலில் கெடுவது கியர்தான். மழையில் நனைந்த கேபிள் உறைக்குள்ளேயே துருவேறி, இழுத்தால் வராது. ஸ்டாண்டில் பக்கத்து வண்டி சரிந்து விழுந்தால், பின்னால் செயினைப் பல் மாற்றும் கருவியான டிரெயிலரைத் தாங்கும் காது வளைந்துவிடும். அதன்பின் செயின் தன் போக்கில் பல் மாறும். சில நேரம் ஸ்போக்ஸ் கம்பிக்குள்ளும் போய் மாட்டும். 18 கியர், 21 கியர் என்று ஆசையாக வாங்கிய வண்டிகள் பல இப்படித்தான் வீட்டுச் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. ஃபிரேம், ரிம், பிரேக் எல்லாம் நன்றாகவே இருக்கும். முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம் மட்டும் வைத்து, கியர் மாற்றும் கருவிகளை எடுத்துவிட்டால் வண்டி மறுபடி ஓடும்.

செஞ்சிக்கு அது போதும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை 240 மீட்டர் உயரம் என்றாலும் அங்கே படியேறித்தான் போக வேண்டும். சைக்கிள் ஓடுவதெல்லாம் கீழே: கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே போகும் திருவண்ணாமலை சாலை. பெரிய ஏற்றம் எதுவும் இல்லை.

உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி மாணவர் எல்லோருக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டத்தின் வண்டிகள் ஒற்றைக் கியர் வண்டிகளே. அதனால் அவற்றின் ஃப்ரீவீலும் (பின்பல்சக்கரம்) செயினும் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும்.

செவ்வாய்

இன்று கணக்கு. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரச் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி போகும் தூரம் வரும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். முன்னால் 42, பின்னால் 18 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 4.8 மீட்டர். 34க்கு 16 என்றால் 4.4 மீட்டர், நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர்.

திண்டிவனம் பக்கம் வேகமாகப் போக 42 நன்றாக இருக்கும். ஆனால் ஆடிக்காற்றில் மேற்கே திருவண்ணாமலையை நோக்கி மிதிக்கும்போது அதே 42 காலைப் பிடித்து இழுக்கும். பின்னால் மூட்டையோ பிள்ளையோ இருந்தால் கேட்கவே வேண்டாம். ஊருக்குள் ஓட்டுபவருக்கு 34-16தான் சரி. இன்னும் லேசாக வேண்டுமென்றால் பின்னால் 18 போடலாம்.

புதன்

பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவதில்தான் பலர் தோற்கிறார்கள். அது ஹப்பில் மரையால் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு மிதியிலும் இறுகிக்கொண்டே வந்திருக்கும். சுத்தியும் உளியும் வைத்துத் தட்டினால் பல் உடையும். அதற்குரிய பல்வெட்டுள்ள கழற்றியை உள்ளே செருகி, ஆக்சில் நட்டால் லேசாகப் பிடித்து, கழற்றியை வைஸில் இறுக்க வேண்டும். பிறகு சக்கரத்தை இரு கையாலும் பிடித்து, லாரி ஸ்டியரிங்கைப் போல இடப்பக்கம் திருப்பினால் ஒரே சத்தத்தோடு இளகும். புதிய ஃப்ரீவீலை ஏற்றும் முன் மரையில் கிரீஸ் தடவ வேண்டும். அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார்.

விலை கூடிய வண்டிகளில் மரை ஃப்ரீவீலுக்குப் பதில், ஹப்பில் செருகும் கேசட் இருக்கும். அதில் ஒற்றைப் பல்சக்கரமும் இருபுறமும் இடைவளையங்களும் போட்டாலே வேலை முடிந்தது.

வெள்ளி

செயின் நேர்கோட்டில் ஓட வேண்டும். இந்த மாற்றத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. கியர் ஹப்பில் ஒற்றை ஃப்ரீவீல் ஏற்றினால் அது உள்ளே தள்ளி உட்காரும். முன்னால் உள்ள மூன்றில் நடுச்சக்கரம் அதைவிட வெளியே இருக்கும். செயின் கோணலாக ஓடினால் கரகரக்கும், பல்லைத் தின்னும், அழுத்தி மிதிக்கும்போது கழன்று ஆளைத் தள்ளும்.

முன்பல்சக்கரத்தின் முகத்தோடு ஒரு நூலை விறைப்பாகப் பிடித்துப் பின்பல்வரை இழுத்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். ஆக்சிலின் வலப்புறம் உள்ள வாஷர்களை எடுத்து இடப்புறம் போட்டால் ஹப் வலப்பக்கம் நகர்ந்து பல் நேராகும். அப்போது ரிம்மும் வலப்பக்கம் போய்விடும். வலப்புற ஸ்போக்ஸைத் தளர்த்தி இடப்புறத்தை இறுக்கி அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் ஒரு லாபமும் உண்டு: இருபுறக் கம்பியின் இறுக்கமும் ஏறக்குறைய சமமாவதால் சக்கரம் முன்பைவிட உறுதியாகும்.

முன்சக்கரங்கள் மூன்றும் ரிவிட் அடித்திருந்தால் தனியே கழற்ற முடியாது. பக்கத்துச் சக்கரத்தில் செயின் உரசாதவரை அப்படியே விடலாம்.

சனி

கியர்ச் செயினின் உள் அகலம் 3/32 அங்குலம், சாதா செயினுக்கு 1/8. அகலச் செயின் மெல்லிய பல்லில் ஓடும். மெல்லிய செயின் தடித்த பல்லில் உட்காராது. ஆகவே சாதா ஃப்ரீவீல் போட்டால் சாதா செயின்தான். அதைப் பூட்டும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

பின் ஆக்சில் உட்காரும் வெட்டு கிடைமட்டமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கலாம். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். வெட்டு செங்குத்தாக இருந்தால் இழுக்க இடமில்லை. காதை நிமிர்த்தி, பழைய பின் டிரெயிலரையே கேபிள் இல்லாமல், ஓரத் திருகால் ஒரே இடத்தில் நிறுத்திப் பயன்படுத்தலாம். ஆனால் 1/8 செயின் அதன் கூண்டில் உரசக்கூடும். அங்கே 3/32 செயினும் மெல்லிய பல் ஃப்ரீவீலும் போடுவதே நல்லது.

இரண்டு பிரேக்கும் இருந்தே ஆக வேண்டும். ஃப்ரீவீல் உள்ள வண்டியைப் பெடலால் நிறுத்த முடியாது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏற ஆசைப்படுபவரும் முழங்கால் வலி உள்ளவரும் கியரைக் கழற்ற வேண்டாம். மற்றவர்கள், துருவேறிய கியர் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடும் முன், பின்சக்கரத்தைச் சைக்கிள் கடையில் காட்டி ஒற்றை ஃப்ரீவீல் ஏறுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.